பழைய வட்டா, புதிய வட்டா?

விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பயன்படுத்தி முடித்தபின் இன்னொருவருக்கு விற்க நமக்கு உரிமை உண்டா? மகிழுந்து, மிதிவண்டி, பாடநூல் என்றால் இக்கேள்வியே எழாது. மூத்த மாணவர் விற்கும் பாடநூலை வாங்கிப் படிக்காதவர் நம்மில் சிலரே இருப்பர். ஆனால், வீடியோ விளையாட்டு வட்டு என்று வந்துவிட்டால் மட்டும் இது பெரும் விவாதமாகிவிடுகிறது. அவ்விவாதத்தின் இரு தரப்பையும் ஆராய்ந்து, என் நிலைப்பாட்டையும் இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

இரு தரப்பு வாதங்கள்

புதிய வட்டு விற்கும்போது அதை வெளியிட்ட நிறுவனத்திற்கு ஒரு பங்கு சேர்கிறது. அதே வட்டைக் கடைக்காரர் திரும்ப வாங்கி மறுபடி விற்கும்போது நிறுவனத்திற்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. நூல் கிழியும், மகிழுந்து தேயும். வட்டிலுள்ள விளையாட்டோ பத்துக் கை மாறினாலும் புதிது போலவே இருக்கும். ஆகவே பழைய வட்டு புதிய வட்டுக்கு நேரடிப் போட்டி என்கின்றன நிறுவனங்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். ஒரு மாணவர் 80 வெள்ளிக்கு வாங்கிய விளையாட்டை முடித்துவிட்டு 45 வெள்ளிக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான செலவு 35 வெள்ளிதான். கைக்கு வந்த 45 வெள்ளி அடுத்த புதிய விளையாட்டை வாங்க உதவும். திரும்ப விற்கலாம் என்ற நம்பிக்கையில்தான் அவர் முதலில் 80 வெள்ளி கொடுக்கவே துணிகிறார்.

சிலர் பழைய வட்டையும் திருட்டு வட்டையும் ஒன்றாகப் பேசுவர். இது தவறு. திருட்டில் ஒரு பிரதி ஆயிரமாகிறது. மறுவிற்பனையில் ஒன்று ஒன்றாகவே இருக்கிறது. விற்றவர் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஜப்பான் அளித்த தீர்ப்பு

இவ்விவாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்ற நாடு ஜப்பான். அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படங்களுக்குத் தனி உரிமை ஒன்றை வழங்குகிறது. பிரதிகள் யாரிடம் செல்லலாம் என்பதைத் தயாரிப்பாளரே கட்டுப்படுத்தலாம். விளையாட்டும் அசையும் படம்தானே, எனவே அவ்வுரிமை எங்களுக்கும் உண்டு என்று கேப்காம் முதலான நிறுவனங்கள் வாதிட்டன. 1999இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கடைக்காரர்கள் பக்கமும், ஒசாகா மாவட்ட நீதிமன்றம் நிறுவனங்கள் பக்கமும் தீர்ப்பளித்தன. இறுதியாக 2002 ஏப்ரல் 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. விளையாட்டு திரைப்பட வகையைச் சேர்ந்ததே. ஆயினும் முதல் விற்பனையோடு விநியோகத்தைக் கட்டுப்படுத்தும் உரிமை தீர்ந்துவிடுகிறது. முதல் விற்பனையிலேயே உழைப்புக்கான பலனைப் பெறும் வாய்ப்பு உரிமையாளருக்கு இருக்கிறது என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களுள் ஒன்று.

தொழில்நுட்பம் போட்ட பூட்டு

சட்டம் தடுக்காததைத் தொழில்நுட்பத்தால் தடுக்கும் முயற்சிகளும் நடந்தன. 2010இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் புதிய வட்டுடன் ஒருமுறை மட்டும் பயன்படும் குறியீட்டு எண்ணை வைத்தது. பழைய வட்டு வாங்கியவர் இணையத்தில் பிறருடன் விளையாடத் தனியாகப் பணம் செலுத்த வேண்டும். எதிர்ப்பு எழவே 2013இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்கு மறுவிற்பனைக் கட்டுப்பாடுகளை அறிவித்தது. ஒரு வட்டை நண்பருக்கு ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம் என்பதும் அதில் அடக்கம். வாடிக்கையாளர்களின் கடுங்கோபத்தைக் கண்டு, ஜூன் 19ஆம் நாள் அக்கட்டுப்பாடுகளை நிறுவனமே மீட்டுக்கொண்டது.

வட்டு மறையும்போது

வட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று மகிழ்வதற்குள் வட்டே மறையத் தொடங்கிவிட்டது. 2020இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 கருவியின் ஒரு வகையில் வட்டு போடும் பகுதியே இல்லை. பதிவிறக்கிய விளையாட்டை விற்கவும் முடியாது. அவ்வாறு விற்கலாம் என்று 2019இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று கூறியது. மேல்முறையீட்டில் 2022இல் அது மாற்றப்பட்டது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31ஆம் நாள் ‘தி க்ரூ’ விளையாட்டின் இணைய வழங்கிகளை நிறுத்தியபோது, வட்டு வைத்திருந்தோராலும் அதை விளையாட முடியாமல் போயிற்று. பயன்பாட்டு அனுமதியை மட்டுமே விற்கும் கடை அதை வாங்குவோரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா 2024இல் சட்டம் இயற்றியது.

என் நிலைப்பாடு

சிறு குழுவினர் உருவாக்கும் விளையாட்டைப் புதிதாக வாங்குவதே முறை என்பேன். ஒவ்வொரு விற்பனையும் அவர்களுக்கு வாழ்வாதாரம். பெருநிறுவன வெளியீடுகளையும், அச்சில் இல்லாத பழைய விளையாட்டுகளையும் பழைய வட்டாக வாங்குவதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் எதை வாங்கினாலும், கையில் வருவது உடைமையா, வெறும் அனுமதியா என்று கேட்டறிந்து வாங்குவோம். மின்நூலும் இணையப் பாடலும் இதே வழியில்தான் நம்மிடம் வருகின்றன. அடுத்த தலைமுறை மாணவர் மூத்தவரிடம் பாடநூல் வாங்க முடியுமா என்பதும் இக்கேள்விக்கு நாம் தேடும் விடையைப் பொறுத்ததே.