அஞ்சாமையும் இன்சொல்லும்

பகவத் கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் தெய்வீகச் செல்வங்களை எண்ணிக் கூறும் ஸ்ரீகிருஷ்ணர், எல்லாவற்றிற்கும் முதலாக அபயத்தை வைக்கிறார். தானம், தவம், அஹிம்சை, சத்தியம் ஆகியவை அதன் பின்னரே வருகின்றன. அச்சம் குடியிருக்கும் உள்ளத்தில் சத்தியம் நெடுநாள் தங்குவதில்லை என்பதே இவ்வரிசையின் கருத்து எனலாம்.

போர்க்களத்தில் வேண்டப்படும் அஞ்சாமை ஒன்று. உறவினர் நடுவிலும் பணியிடத்திலும், 'என் நம்பிக்கை இது' என்று அமைதியாகச் சொல்வதற்கு வேண்டப்படும் அஞ்சாமை மற்றொன்று. பின்னது எளிது போலத் தோன்றும். ஆனால் நாள்தோறும் நாம் தோற்பது அதில்தான். நாகர்கோவில் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்து தம்பானூர் நிலையத்தில் இறங்கும் ஊழியர்களிடையே எல்லாச் சமயத்தாரும் உண்டு. உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் சிலுவைக் குறி இட்டுக்கொள்ளும் கிறிஸ்தவர் ஒருவர், எதிரே மேலதிகாரி அமர்ந்திருந்தால் கையை மடியிலேயே வைத்துக்கொள்ளக் கூடும். அலுவலகம் நெருங்கியதும் நெற்றித் திருநீற்றைத் துடைத்துக்கொள்ளும் இளைஞனும் அவருக்கு உறவினனே. இருவரையும் யாரும் தடுக்கவில்லை. ஏளனம் வருமோ என்ற எண்ணமே போதுமானதாக இருக்கிறது.

அந்த ரயில் கடந்து வரும் மண்ணில்தான், இன்றைய குமரி மாவட்டத்தின் நட்டாலத்தில், 1712-ஆம் ஆண்டு நீலகண்ட பிள்ளை பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் பத்மநாபபுரத்தில் அரசுப் பணியாற்றினார். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படையையே பயிற்றுவித்த டச்சுப் படை அதிகாரி டி லனாயின் நட்பு அவருக்குக் கிட்டியது. குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் நீலகண்டர் வாடியபோது, டி லனாய் அவருக்கு பைபிளிலுள்ள யோபுவின் வரலாற்றைச் சொன்னதாகக் கிறிஸ்தவ மரபு கூறுகிறது. செல்வத்தையும் மக்களையும் இழந்த யோபுவிடம், 'இது உன் பாவத்தின் பலன்' என்றே நண்பர்கள் வாதிடுகின்றனர். அவரோ அதை ஏற்கவும் இல்லை, இறைவனைக் கைவிடவும் இல்லை. துயருற்றவரைக் காணும்போதெல்லாம் 'எல்லாம் முன்வினை' என்று சொல்லிவிட்டு நகரும் நமக்கும் அந்நூலில் பாடம் உண்டு.

1745-ஆம் ஆண்டு மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். வடக்கன்குளம் திருவிதாங்கூருக்கு வெளியே இருந்தது. எனவே திரும்பி வந்து, யாரும் அறியாமல் நம்பிக்கையை நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்க அவரால் இயன்றிருக்கும். அவரோ பழைய பணியிடத்தில், பழகிய மனிதர்கள் நடுவிலேயே தம் மாற்றத்தை வெளிப்படையாகப் பேசினார். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர்களுடன் சமமாகப் பழகினார். அக்காலத்தில் அவர் பேச்சை விட இதுவே சமூகத்தை அதிகம் உறுத்தியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. 1749-இல் கைது செய்யப்பட்ட அவரை, எருமையின் மீது பின்புறமாக அமர்த்தி ஊர் ஊராக இழிவுபடுத்தினர் என்பது மரபு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்குக் காரணம் சமயம் அன்று, அரசியலே என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. திருச்சபை அவரை மறைச்சாட்சியாக ஏற்று, 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தது. இப்பேறு பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் அவரே.

இங்கு ஓர் ஐயம் எழலாம். தன் சமயத்தைத் துணிந்து பேசுவது பிறர் சமயத்தைப் புண்படுத்துவதில் முடியாதா? முடிந்ததுண்டு. ஆகவேதான் புனித பேதுரு தம் முதல் கடிதத்தில், நம்பிக்கைக்குக் காரணம் கேட்போருக்கு விடையளிக்க எப்போதும் ஆயத்தமாக இருக்கச் சொல்லும்போதே, அதைப் பணிவோடும் மரியாதையோடும் செய்யுமாறு விதிக்கிறார். பிறரைக் கலக்காததும், உண்மையானதும், இனியதும், நன்மை தருவதுமான சொல்லே வாக்கின் தவம் என்று கீதையின் பதினேழாம் அத்தியாயம் வகுப்பதும் இதுவே. ஆனால் இனிமையைக் காரணம் காட்டி உண்மையை விட்டுவிடவும் அத்தவம் இடம் தரவில்லை. 'எல்லாச் சமயமும் ஒன்றுதானே' என்னும் உயர்ந்த வாக்கியம், சில வேளைகளில் நம் கோழைத்தனத்துக்குப் போர்வையாகிவிடுகிறது.

துணிவு எப்போதும் உரத்த குரலில்தான் வர வேண்டும் என்பதில்லை. 1985-இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். தேசிய கீதம் இசைக்கப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றும், தங்கள் சமய நம்பிக்கை காரணமாக அவர்கள் பாடவில்லை. உயர் நீதிமன்றம் அவர்களுக்கு உதவவில்லை. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், குழந்தைகள் யாரையும் அவமதிக்கவில்லை என்று கண்டு, அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்குமாறு உத்தரவிட்டது. அக்குழந்தைகள் யாருடனும் வாதிட்டுக் கொண்டிருக்கவில்லை. மற்றவர்கள் பாடி முடிக்கும் வரை வரிசையில் எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான்.