துணியின் பக்குவம்

பள்ளிச் சீருடைச் சட்டை பெரும்பாலும் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியால் ஆனது. நூற்றுக்கு 67 பங்கு பாலியஸ்டர், 33 பங்கு பருத்தி என்பது நம் நாட்டில் பரவலாக வழங்கும் ஒரு கலவை. பருத்தி வியர்வையை உறிஞ்சும். ஆனால் எளிதில் கசங்கும். பாலியஸ்டர் உறுதியானது, எளிதில் கசங்காதது. ஆனால் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யவே இரண்டையும் கலக்கின்றனர்.

தறியிலிருந்து இறங்கும் துணியைக் 'காடா' என்பர். பாவு நூலுக்கு இட்ட கஞ்சி அதில் ஒட்டியிருக்கும், பிசிறுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதனை உடுத்தத் தகுந்ததாக்கும் வேலைகளே பக்குவப்படுத்துதல் ஆகும்.

தீச்சுடரின்மேல் துணியை விரைவாகச் செலுத்திப் பிசிறுகளைப் பொசுக்குவர். இதனால் துணி வழவழப்பாகும்; தேய்வினால் சிறு உருண்டைகள் தோன்றுவதும் குறையும். கஞ்சியை நீக்கி அலசுவர். துணியை விரித்துப் பிடித்து, ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடேற்றுவர். பாலியஸ்டர் இழைகள் அந்த நிலையிலேயே படிந்துவிடுவதால், பின்னர் துணி அதிகம் சுருங்குவதில்லை.

மென்மை வேண்டுமாயின், சிலிக்கோன் கலந்த நீரில் துணியை நனைப்பர். அது நூல்களுக்கிடையே உராய்வைக் குறைக்கும். துணியைக் கிழிக்க முயன்றால், நூல்கள் நகர்ந்து ஒன்றுசேர்ந்து விசையைத் தாங்கும். ஆயினும், சிலவகைச் சிலிக்கோன்கள் நீர் உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

கசங்காமை வேண்டுமாயின், பிசின் ஏற்றுவர். அது பருத்தியின் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைக்கும்; மடிந்த இழை மீண்டும் நிமிரும். ஆனால் பிணைக்கப்பட்ட இழை நெகிழ்ந்து கொடுக்காது. ஆகவே பருத்தி வலிமை இழக்கும். விரைவில் தேய்ந்து கிழியும். பிசின் பாலியஸ்டரைப் பிணைப்பதில்லை. அதனால், தனிப் பருத்தித் துணியைவிடக் கலப்புத் துணி இந்த இழப்பை நன்கு தாங்குகிறது.

மென்மை, உறுதி, கசங்காமை, உறிஞ்சும் திறன் ஆகிய நான்கும் ஒருங்கே முழுமையாகக் கிட்டுவதில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையக்கூடும். கடையில் தடவிப் பார்க்கும்போது தோன்றும் மென்மையோ விறைப்போ சில துவைப்புகளில் நீங்கிவிடலாம். எனவே, தொடு உணர்வை மட்டும் நம்பித் துணியின் தரத்தை முடிவு செய்தல் கூடாது.

சொற்பொருள்
பாவு – தறியில் நீளவாக்கில் அமையும் நூல்
பிசிறு – நூலிலிருந்து நீட்டிநிற்கும் நுண்ணிழை
உராய்வு – உரசல்

வினாக்கள்
1. பருத்தியையும் பாலியஸ்டரையும் ஏன் கலக்கின்றனர்?
2. சிலிக்கோன் ஏற்றிய துணி எளிதில் கிழியாதது ஏன்?
3. பிசின் ஏற்றுவதால் விளையும் நன்மை ஒன்றும் தீமை ஒன்றும் எழுதுக.
4. நும் சீருடையில் முதலில் தேய்ந்த பகுதி எது? அதற்கான காரணத்தை மூன்று தொடர்களில் எழுதுக.