வந்து போகும் வைத்தியர்கள்

கேள்வி: தொண்டர் வைத்தியர்கள் ஒருநாள் முகாம் போட்டு குளிசை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இதனால் பயன் உண்டா? மலைக் கிராமங்களிலும் இப்படித்தானா?
– வாசகர், தோப்பூர்

பதில்: பாதிப் பயன் உண்டு. கண் பார்த்து கண்ணாடி கொடுக்க, பல் பிடுங்க, தெரியாமலே இருந்த பிரஷரைக் கண்டுபிடிக்க ஒருநாள் போதும். ஆனால் பிரஷரும் சீனி வருத்தமும் அன்றோடு முடிகிற கதையா? பத்து நாள் குளிசை தீர்ந்தால் பதினோராம் நாள் யார் தருவது?

மலையில் இதற்கு விடை கண்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற வைத்தியத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அவர்கள் வந்து போகவில்லை, அங்கேயே குடியிருந்தார்கள். அந்த மலைப் பெண்களுக்கே பிரசவம் பார்க்கவும் நோயறியவும் பழக்கினார்கள். ஊர் ஊராகப் போய் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்ப்பவர்கள் இந்தப் பெண்கள்தான். குழந்தை மரணம் பல மடங்கு குறைந்தது. நமக்கு இது புதிதல்ல. வீடு தேடி வரும் மிட்வைஃப் செய்வதும் இதைத்தான். அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த முகாமுக்குப் போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். வெள்ளை உறையில் பெயரில்லாமல் குளிசை தந்தால் வாங்காதீர்கள். மருந்தின் பெயரையும் அளவையும் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் காட்டினால்தான் மூதூர் ஆஸ்பத்திரியில் மிச்சத்தைத் தொடர முடியும்.