கஞ்சாவை விட்டவனுக்குத் தூக்கம் எப்போது திரும்பும்?

கேள்வி: என் மகன் கஞ்சாவை விட்டு நாலு நாளாகிறது. தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், ஜீயபுரம்

பதில்: அவன் விட்டதே பெரிய காரியம், அம்மா. முதல் வாரத்தில்தான் இந்த அவஸ்தை உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் தணிந்துவிடும். தூக்கம் மட்டும் தாமதமாகச் சீராகும், கெட்ட கனவுகளும் வரும். நள்ளிரவில் வியர்த்து எழுந்தால் திட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். பசியில்லாதபோது ரசம் சாதமோ மோரோ போதும். நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. நாளடைவில் இருமலும் சளியும் குறையும், ஞாபகசக்தி தேறும். இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அன்றைக்கே திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.