கடன் பத்திரங்களும் தஞ்சைப் போரும்

புறத்திணை இலக்கணம் போரைப் பூக்களின் பெயரால் வகுக்கிறது. ஆநிரை கவர்தல் வெட்சி. மண்ணாசையால் மாற்றான் நாட்டின்மேற் செல்லுதல் வஞ்சி. மதிலை முற்றுதல் உழிஞை. வகுப்பறையில் இவற்றை நடத்தும்போது நாம் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. இத்திணைகளில் வேட்கை யாருடையது என்பதில் ஐயமே எழுவதில்லை, அது வேந்தனுடையது. வேட்கை ஒருவனுக்கும் படை மற்றொருவனுக்குமாக அமைந்த போருக்கு நம் இலக்கணத்திற் பூவில்லை. அத்தகைய போர் ஒன்று கொள்ளிடத்துக்குத் தென்பால் 1773ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

இன்று சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பெயர்பெற்ற ஆலத்தியூர்ப் பகுதிக்குத் தெற்கே அரியலூர், தென்கிழக்கே உடையார்பாளையம். இரண்டும் அக்காலத்தில் பாளையங்கள். 1765 சனவரியில் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் மகன் உம்தத்துல் உமரா, கேம்பல் என்னும் வெள்ளைத் தளபதியுடன் வந்து இவ்விரண்டையும் கைப்பற்றினார். பாளையக்காரர்கள் தரங்கம்பாடிக்கு ஓடினர். இதனால் ஆர்க்காடு முதல் திருச்சிராப்பள்ளி வரை நவாபின் நாடு இடையறாது தொடர்ந்தது. தெற்கே எஞ்சியது, பொன்னி பாயும் தஞ்சை.

நவாபின் நிலையை ஈண்டு நோக்க வேண்டும். பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த போர்களின் செலவை ஆங்கிலக் கும்பெனி அவர் தலையிலேயே ஏற்றியது. அதைத் தீர்க்க அவர் கடன் வாங்கினார். யாரிடம்? அதே கும்பெனியின் சென்னை ஊழியரிடம். கும்பெனிக்குத் தரவேண்டிய பணத்தைக் கும்பெனி ஊழியர் தம் சொந்தப் பொறுப்பிற் கொடுத்து, நூற்றுக்கு 20, 25, சில வேளைகளில் 36 எனவும் வட்டி கண்டனர். ஈடாகப் பெற்றது மாவட்டங்களின் வரி வருவாய். நவாபின் நாடு பெருகினால் ஈடு பெருகும். ஈடு பெருகினாற் கடன் பெருகும். போர் தொடுப்பதா வேண்டாவா என முடிவு செய்யும் ஆளுநர் மன்றத்திலேயே கடன் கொடுத்தோர் பலர் அமர்ந்திருந்தனர் என்பதே இக்கதையின் உயிர்நிலை.

தஞ்சை மன்னர் துளஜாஜி நவாபுக்குத் திறை செலுத்துபவர். 1762இல் ஏற்பட்ட உடன்படிக்கைக்குக் கும்பெனியே பிணை நின்றது. 1771இல் துளஜாஜி இராமநாதபுரத்தின்மேற் படையெடுத்ததைக் காரணங்காட்டிக் கும்பெனிப் படை தஞ்சையை முற்றியது. பெருந்தொகை தருவதாக மன்னர் ஒப்பியதும் திரும்பியது. ஈராண்டுக்குள் திறைப்பாக்கி என்றும், ஐதரலியோடு உறவு என்றும் மீண்டும் குற்றம் சாட்டப்பெற்றது. 1773 செப்டம்பர் 17ஆம் நாள் ஜோசப் ஸ்மித்தின் படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்தது. மன்னர் சிறைப்பட்டார். பிணை நின்றவரே மதிலை உடைத்த விந்தையை என்னென்பது!

இலண்டனிலிருந்த கும்பெனி இயக்குநர்கள் இச்செயலைக் கண்டித்தனர் என்பதையும் மறைத்தலாகாது. தஞ்சையை அதன் மன்னரிடமே ஒப்படைக்குமாறு 1775இல் ஆணையிட்டுப் பிகட் பிரபுவை ஆளுநராக அனுப்பினர். அவரும் துறவியல்லர், முன்னைய ஆளுநர் பதவியிற் பெருஞ்செல்வம் திரட்டியவரே. ஆயினும் 1776 ஏப்ரலில் தஞ்சை சென்று துளஜாஜியை அரியணை ஏற்றினார்.

அப்போதுதான் பால் பென்ஃபீல்டு என்னும் கும்பெனி ஊழியர் முன்வந்தார். தஞ்சையின் வருவாயை நவாபு தமக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருப்பதாகவும், நிற்கும் பயிரும் அவ்வீட்டிற் சேர்ந்ததென்றும் வழக்குரைத்தார். அவர் கேட்ட தொகை ஏறத்தாழ 2,34,000 பவுன். சிறு சம்பள ஊழியருக்கு இத்துணைப் பணம் ஏது? பிகட் மறுத்தார். மன்றத்தின் பெரும்பான்மையினர் பென்ஃபீல்டின் பக்கம் நின்றனர். தஞ்சைக்கு யாரை அனுப்புவது என்பதிலும் பூசல் முற்றியது. 1776 ஆகஸ்டு 24ஆம் நாள் ஆளுநரையே சிறைப்பிடித்தனர்! காவலிலிருந்த நிலையிலேயே 1777 மே திங்களில் அவர் இறந்தார். நட்ட உழவன் பெயர் இவ்வழக்கில் எங்கும் வரவில்லை.

நம் பெரியோர் சிலருக்கு இக்கட்டுரை கசக்கக்கூடும். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலை எழுப்பிய நவாபு; திருச்சி நத்தர்வலி தர்காவில் அடங்கியிருப்பவர். அவர்தம் கொடையை நாம் மறக்கவில்லை. ஆயினும் கும்பெனியார் சூழ்ச்சியை மட்டும் பேசி அவரை விடுவித்தல் நேர்மையாகாது. வட்டியை விலக்கிய திருமறை, கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சியுடன் எழுதிக்கொள்ளுமாறும் பணிக்கிறது. நவாபு வட்டிக்கும் இசைந்தார். பத்திரங்களோ அளவின்றிப் பெருகின. தஞ்சையின்மேல் அவருக்கிருந்த ஆசையும் உண்மையே. கடன்காரர் அவ்வாசைக்குப் படையும் மன்ற வாக்கும் தேடித் தந்தனர்.

வழக்குக் கடல் கடந்தது. கடனை ஆராயாமலே தீர்க்க அரசு முற்பட்டபோது, 1785 பிப்ரவரி 28ஆம் நாள் எட்மண்டு பர்க் நாடாளுமன்றத்தில் அதனைக் கடிந்து நெடும்பேருரை ஆற்றினார். முந்திய நாடாளுமன்றத்தில் எட்டு உறுப்பினரைப் பென்ஃபீல்டே உருவாக்கினார் என்று குற்றஞ்சாட்டினார். அவர் கேட்ட விசாரணை கிட்டவில்லை.

1801இல் கருநாடகம் முழுவதும் கும்பெனி வசமாயிற்று. பின்னர், 1805இல் ஓர் ஆணையம் அமைத்து நவாபின் கடன்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். பணி முடியக் கால் நூற்றாண்டு சென்றது. கடன்காரர் கேட்டது 3 கோடி பவுனுக்கு மேல். உண்மைக் கடனென ஆணையம் ஏற்றது 27 இலட்சம் பவுனுக்கும் குறைவு. எஞ்சியவை தள்ளுபடியாயின. அதற்குள் தஞ்சையும் கும்பெனி ஆட்சிக்குட் சென்றிருந்தது. துளஜாஜியும் நவாபும் பென்ஃபீல்டும் உயிரோடில்லை.