பலாவில் எது பழம்?

கேள்வி: மாம்பழத்தில் தோல், சதை, கொட்டை என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. பலாவில் சுளைதான் சதையா? சுளைகளுக்கு நடுவே இருக்கும் நார் எதற்கு? எங்கள் மரத்துப் பழத்தில் சுளை குறைவு, நாரே அதிகம். பிஞ்சுகளும் கறுத்துக் கொட்டுகின்றன. மருந்து அடிக்கலாமா?
- வாசகி, விருத்தாசலம்

பதில்: மாம்பழம் ஒரே பூவின் சூற்பை பருத்து உண்டானது. அதன் சுவர்தான் மூன்றாகப் பிரிகிறது: வெளியுறை தோல், நடுவுறை நாம் தின்னும் சதை, உள்ளுறை கொட்டையின் கெட்டி ஓடு. விதை அந்த ஓட்டுக்குள் இருக்கிறது.

பலா அப்படியில்லை. நூற்றுக்கணக்கான பெண்பூக்கள் ஒரே தண்டைச் சுற்றி நெருங்கி முளைத்து, ஒன்றாகவே பருத்துப் பழமாகின்றன. பாடப்புத்தகம் இதைக் கூட்டுக்கனி என்கிறது. அரியும்போது கையில் பால் ஒட்டும் நடுத்தண்டுதான் அந்தப் பூங்கொத்தின் அச்சு. மேலே உள்ள ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. உள்ளே சுளை பருக்கப் பருக்க முட்கள் விலகித் தட்டையாகின்றன. காய் முற்றியதை முள்ளைப் பார்த்தே சொல்வது அதனால்தான்.

சுளை சூற்பை அல்ல. பூவைச் சுற்றியிருந்த இதழ்க்குழல் தடித்து, இனிப்பேறிச் சுளையாகிறது. சூற்பையிலிருந்து வந்த உண்மையான கனி அதற்குள் இருக்கிறது: கொட்டையை மூடியிருக்கும் வழவழப்பான வெள்ளை உறைதான் அது. அதை உரித்து எறிந்துவிடுகிறோம்! அதற்கும் அடியில், கறி வைக்கும்போது நாம் சுரண்டும் பழுப்புத் தொலி, விதையின் தோல்.

இப்போது உங்கள் மரத்துக்கு வருகிறேன். மகரந்தம் சேராத பூவின் இதழ்க்குழல் பருக்காமல் பட்டையாக நீண்டு நின்றுவிடும். நார் என்பது அதுதான். ஆகவே நார் மிகுந்தால் மகரந்தச் சேர்க்கை குறைவு என்று பொருள். பழம் ஒரு பக்கம் சப்பிப்போவதும் இதனாலேயே. வாங்கும்போது அந்தப் பக்கத்தில் சுளை அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

கறுத்துக் கொட்டுபவற்றில் பெரும்பகுதி பிஞ்சே அல்ல, ஆண்பூங்கொத்து. மெலிந்து, வழவழப்பாக இருக்கும். மகரந்தம் உதிர்த்ததும் பூஞ்சை படர்ந்து விழுவது அதன் இயல்பு. பெண்கொத்து பெரும்பாலும் அடிமரத்திலும் பருத்த கிளையிலும் தடித்த காம்போடு வரும். கொட்டுவதை நோய் என்று நினைத்துப் பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடித்தால் மகரந்தம் சுமக்கும் சிறு பூச்சிகளும் செத்துப்போகும், நார் இன்னும் கூடும். தயவுசெய்து அடிக்க வேண்டாம்.