ரைபோசோம் நிற்கும் இடம்



“டிரிப்டோபான் குறைந்ததை பாக்டீரியா உணர்ந்து, நொதிகளைக் கூட்ட முடிவெடுக்கிறது” என்று விடைத்தாளில் எழுதியிருந்தாய். மதிப்பெண் போட்டுவிட்டேன்; மனம் ஆறவில்லை. அங்கே உட்கார்ந்து முடிவெடுப்பது யார்? பாடநூல்களே இப்படி எழுதும்போது உன்னை நொந்து பயனில்லை.

இந்த மரபணுக்களின் முதல் பூட்டான ஒடுக்கிப் புரதத்தை நீ அறிவாய், அதை விடுகிறேன். ஈ.கோலையில் இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் யானோஃப்ஸ்கி 1970களில் அவிழ்த்தது. டிரிப்டோபான் தயாரிக்கும் ஐந்து மரபணுக்களுக்கு முன்னால், 14 அமினோ அமிலமே கொண்ட ஒரு குட்டிப் புரதத்துக்கான குறிப்பு இருக்கிறது. அதில் 10, 11ஆம் இடங்கள் இரண்டும் டிரிப்டோபான். புரதங்களில் அபூர்வமாகவே வரும் ஒன்று, இங்கே ஜோடியாக நிற்கிறது! டிரிப்டோபான் தாராளமாக இருந்தால் ரைபோசோம் அந்த இடத்தைத் தடையின்றிக் கடந்துவிடும், பின்னாலுள்ள ஆர்.என்.ஏ. கொண்டை ஊசிபோல் மடிந்து படியெடுப்பை அங்கேயே முடித்துவிடும். தட்டுப்பாடு வந்தால் டிரிப்டோபான் ஏந்திய டி.ஆர்.என்.ஏ. கிடைக்காமல் ரைபோசோம் அந்த ஜோடியில் நின்றுபோகும். மடிப்பு வேறு விதமாக விழும். படியெடுப்பு ஐந்து மரபணுக்களுக்குள்ளும் ஓடும். நம்பிக்கை வரவில்லையா? ஹிஸ்டிடின் மரபணுக்களுக்கு முன்னால் ஏழு ஹிஸ்டிடின் வரிசைகட்டி நிற்பதைப் போய்ப் பார். பிறகு தற்செயல் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வராதே.

வளர்ச்சியும் அப்படித்தான், முடிவெடுக்க அங்கே யாருமில்லை. 1950இல் சிகாகோவில் நோவிக்கும் ஸில்லார்டும், டிரிப்டோபானைத் தானே செய்துகொள்ள முடியாத ஈ.கோலைக்கு அதைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினார்கள். கீமோஸ்டாட் என்று அவர்கள் பெயரிட்ட அந்தக் கலத்தில், சொட்டின் வேகமே வளர்ச்சியின் வேகம். (அணுத் தொடர்வினையை 1933இலேயே எண்ணிப் பார்த்த அதே லியோ ஸில்லார்டுதான். டால்ஃபின்களை வைத்து அரசியல் கதைகூட எழுதியிருக்கிறார்; பாடத்தை விட்டுவிட்டு அதில் மூழ்கிவிடாதே.)

அமினோ அமிலம் திடீரென்று அற்றுப்போனால் நடப்பது வேறு. வெறுங்கையோடு வரும் டி.ஆர்.என்.ஏ. ரைபோசோமில் ஏறும், ரெல்ஏ என்ற நொதி அதனால் தூண்டப்பட்டு பிபிஜிபிபி என்ற சிறு மூலக்கூறைச் செய்யும், புதிய ரைபோசோம்களுக்கான ஆர்.என்.ஏ. உற்பத்தி விழும். 1969இல் கேஷலும் காலண்ட்டும் அந்த மூலக்கூறைப் புள்ளியாகக் கண்டார்கள். ‘மாயப் புள்ளி’ என்ற செல்லப்பெயர் இன்றும் நிற்கிறது.

ரெல்ஏ பழுதான வகையோ, புரதம் கட்ட வழியில்லாதபோதும் அந்த ஆர்.என்.ஏ.வை வீணாகச் செய்துகொண்டே இருக்கும். அப்படியானால் முடிவெடுத்தது பாக்டீரியாவா, அந்த ஒரு நொதியா? அடுத்த கடிதத்தில் பதில் எழுது.